சவலையும் சான்றும்: ஐதராபாத்தில் குழந்தை உளவளர்ச்சி ஆய்வின் முறையியலும் அறநெறியும்

1. முன்னுரை

செகந்தராபாத்தின் கிழக்குப் பகுதியில் உள்ள லாலாகுடா இரயில்வே குடியிருப்பாகவே வளர்ந்த ஊராகும். நிஜாம் அரசின் உத்தரவாத இரயில்வே 1893இல் இங்குப் பெட்டிப் பணிமனையை நிறுவியது. பணிமனையை ஒட்டித் தெலுங்கு, தக்கணி உருது, தமிழ், ஆங்கிலம் ஆகிய மொழிகளைப் பேசும் தொழிலாளர் குடும்பங்கள் குடியேறின. தென்மத்திய இரயில்வேயின் மைய மருத்துவமனையும் இங்கேயே உள்ளது. இதனை அடுத்த தார்நாக்கா பகுதியில் உசுமானியாப் பல்கலைக்கழகமும், 1958இல் தோன்றி இன்று ஆங்கில, அயல்மொழிகள் பல்கலைக்கழகமாக விளங்கும் நிறுவனமும், தேசிய ஊட்டச்சத்து நிறுவனமும் அமைந்துள்ளன. வடமேற்கே போயன்பள்ளியில் 1984இல் தேசிய மனவளர்ச்சி குன்றியோர் நிறுவனம் தொடங்கப்பட்டது. மொழியை ஆராயும் நிறுவனங்களும், குழந்தையின் உடலையும் உள்ளத்தையும் ஆராயும் நிறுவனங்களும் இவ்வாறு சில கல் தொலைவுக்குள் அமைந்திருப்பது இந்தியாவில் அரிது.

குழந்தைகளின் உளவளர்ச்சிக் குறைபாடுகளை ஆராயும் துறை மூன்று வினாக்களுக்கு விடை கூறக் கடமைப்பட்டது. குறைபாடு என்று எதனைக் கொள்வது? அதன் காரணத்தை எம்முறையால் நிறுவுவது? தனக்காகத் தானே பேசவியலாத குழந்தையை ஆய்வுக்கு உட்படுத்தும் உரிமையை யாரிடமிருந்து, எச்சொற்களால் பெறுவது? முதல் வினா பெயரிடுதல் பற்றியது. இரண்டாவது ஒப்பீடு பற்றியது. மூன்றாவது இசைவு பற்றியது. மூன்றிலும் மொழிக்கு இடமுண்டு. 1968இல் ஐதராபாத்திலிருந்து வெளிவந்த ஓர் ஆய்வை மையமாகக் கொண்டு இம்மூன்று வினாக்களின் வரலாற்றையும், அவற்றில் மொழியியலார்க்கும் மொழிபெயர்ப்பாளர்க்கும் உரிய பங்கையும் இக்கட்டுரை ஆராய்கின்றது.

2. நோயும் பெயரும்

சிசிலி வில்லியம்சு என்னும் மருத்துவர் இன்றைய கானா நாட்டில், அக்காலத்துக் கோல்டு கோசுட்டில், பணியாற்றினார். கால் வீங்கி, தோல் உரிந்து, முடி நிறம் மாறி, எதிலும் ஈடுபாடற்றுக் கிடக்கும் குழந்தைகளைப் பற்றி 1933இல் அவர் எழுதினார். 1935இல் வெளியிட்ட கட்டுரையில் அந்நோய்க்கு அப்பகுதி மக்கள் வழங்கிய பெயரையே சூட்டினார். கா மொழிச் சொல்லாகிய ‘குவாஷியோர்கர்’ இவ்வாறு உலக மருத்துவக் கலைச்சொல்லாயிற்று. அடுத்த குழந்தை பிறந்ததால் தாயின் மார்பிலிருந்து விலக்கப்பட்ட முந்தைய குழந்தைக்கு வரும் நோய் என்பது அதன் பொருள். மருத்துவக் கலைச்சொற்களுள் பெரும்பாலானவை கிரேக்க, இலத்தீன் வேர்களிலிருந்து பிறந்தவை. ஆப்பிரிக்கத் தாய்மார்களின் பேச்சுவழக்குச் சொல் ஒன்று மாற்றமின்றி ஏற்கப்பட்டது குறிப்பிடத்தக்க விதிவிலக்காகும்.

இச்சொல்லுக்கு மிக அணுக்கமான சொல் தமிழில் உண்டு. தாய் மீண்டும் கருவுற்றதாலோ மறுமகவு பிறந்ததாலோ தாய்ப்பாலை இழந்து மெலிந்த குழந்தையைச் ‘சவலை’ என்றும் ‘சவலைப்பிள்ளை’ என்றும் தமிழர் வழங்குவர். யாப்பிலக்கணத்தாரும் இச்சொல்லை எடுத்தாண்டுள்ளனர். இரண்டாமடியில் வரவேண்டிய தனிச்சொல் வாராது குறைந்து நிற்கும் வெண்பாவைச் ‘சவலை வெண்பா’ என்பது மரபு. உரியது உரிய இடத்தில் கிட்டாமையால் நேர்ந்த குறை என்பதே இரண்டு வழக்குகளுக்கும் பொதுவான பொருளாகும். குழந்தை எலும்பும் தோலுமாக வற்றிப்போகும் நிலையைத் ‘தேரை’ என்னும் சொல்லால் சுட்டுவது வேறொரு வழக்கு. மருத்துவ நூலார் குவாஷியோர்கர் எனவும் மராசுமசு எனவும் பிரித்துக் கூறும் இரு நிலைகளைத் தமிழ்த் தாய்மாரின் பேச்சும் ஏறத்தாழ வேறுபடுத்தியே கண்டது எனலாம்.

கா மொழிச் சொல்லும் தமிழ்ச் சொல்லும் நோயின் அறிகுறியைக் கொண்டு பெயரிடவில்லை. குடும்பத்தில் அக்குழந்தை இழந்த இடத்தைக் கொண்டு பெயரிடுகின்றன. இழந்தது பால் மட்டுமன்று. மடியும் கவனிப்பும் தாயோடு பேசும் பேச்சும் உடன் இழக்கப்படுகின்றன. பிற்கால ஆய்வாளர்களைப் பல்லாண்டுக் காலம் இடர்ப்படுத்திய முறையியல் சிக்கல் இப்பெயர்களுக்குள்ளேயே அடங்கியுள்ளது.

3. 1968ஆம் ஆண்டு ஆய்வு

தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் தொடக்கம் 1918இல் குன்னூரில் இராபர்ட் மக்கரிசன் நிறுவிய சிறிய ஆய்வுக்கூடமாகும். ஊட்டச்சத்து ஆய்வுக்கூடங்கள் என்னும் பெயருடன் அது 1958இல் ஐதராபாத்துக்கு மாற்றப்பட்டது. 1969இல் இன்றைய பெயரைப் பெற்றது. சேலத்தில் பிறந்து சென்னையில் மருத்துவம் பயின்ற சி. கோபாலன் 1960களின் தொடக்கத்திலிருந்து அதன் இயக்குநராக விளங்கினார். பின்னர் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் தலைமை இயக்குநராகவும் பணியாற்றினார். 2019இல், நூறு வயதைக் கடந்த பின், மறைந்தார். புரதக் குறைவே குவாஷியோர்கருக்குக் காரணம் என உலகம் நம்பிய காலத்தில், இந்தியக் குழந்தைகளின் உணவில் முதன்மையான குறை மொத்த உணவின் அளவே, அதாவது ஆற்றல் குறைவே, என அவர் வலியுறுத்தினார். அக்கருத்து பின்னர்ப் பரவலாக ஏற்கப்பட்டது.

எசு. சம்பகம், எசு. ஜி. ஸ்ரீகண்டையா, சி. கோபாலன் ஆகிய மூவரும் 1968இல் அமெரிக்க மருத்துவ ஊட்டவியல் இதழில் வெளியிட்ட கட்டுரை, குவாஷியோர்கருக்கும் உளவளர்ச்சிக்கும் உள்ள தொடர்பை ஆராய்ந்தது. 18 முதல் 36 மாத வயதுக்குள் அந்நோய்க்கு ஆளாகிச் சிகிச்சையால் நலமடைந்த 19 குழந்தைகள், 8 முதல் 11 வயதுக்குள் இருந்தபோது மீண்டும் ஆராயப்பட்டனர். அவர்களோடு ஒப்பிடுவதற்கு அந்நோய் வாராத 50 குழந்தைகள் தெரிந்தெடுக்கப்பட்டனர். வயது, பால், சமயம், சாதி, பொருளாதார நிலை, குடும்ப அளவு, பிறப்பு வரிசை, பெற்றோரின் கல்வி ஆகிய கூறுகளில் இரு குழுவினரும் ஒத்திருக்குமாறு பார்த்துக்கொள்ளப்பட்டது. அறிவுத்திறன் சோதனைகளும் புலன்களுக்கிடையிலான ஒருங்கிணைப்புச் சோதனைகளும் இரு குழுவினர்க்கும் நடத்தப்பட்டன.

நோயுற்று மீண்ட குழந்தைகள் ஒப்பீட்டுக் குழந்தைகளைவிடக் கணிசமாகப் பின்தங்கியிருந்தனர். இவ்வேறுபாடு இளைய வயதினரிடம் மிகுதியாகவும் மூத்த வயதினரிடம் குறைவாகவும் காணப்பட்டது. புலனுணர்வுத் திறனிலும் அருவப் பொருளைக் கையாளும் திறனிலும் பின்னடைவு மிகுதியாக வெளிப்பட்டது.

இவ்வாய்வின் சிறப்பு ஒப்பீட்டின் நுணுக்கத்தில் உள்ளது. 1963இல் தென்னாப்பிரிக்காவிலிருந்து வெளிவந்த ஸ்டாக், ஸ்மைத் ஆகியோரின் ஆய்வில், ஊட்டக்குறை உற்ற குழந்தைகளின் வாழ்சூழல் ஒப்பீட்டுக் குழந்தைகளின் சூழலைவிடப் பெரிதும் தாழ்ந்திருந்தது. எனவே பின்னடைவுக்குப் பசி காரணமா வறுமை காரணமா எனப் பிரித்தறிய இயலவில்லை. ஐதராபாத் ஆய்வாளர்கள் சாதியையும் பிறப்பு வரிசையையும் கூட ஒப்பீட்டுக் கூறுகளாகக் கொண்டனர். இந்தியச் சமூக அமைப்பை அறிந்தோரால் மட்டுமே இத்தகைய திட்டத்தை வகுக்க முடியும். மேலைநாட்டு அளவுகோலை அப்படியே பெயர்த்து நடாமல், நிலத்துக்கு ஏற்ப முறையியலை அமைத்துக்கொண்ட முன்னோடி முயற்சியாக இதனைக் கருதலாம்.

4. ஒப்பீட்டின் எல்லை

ஓர் உண்மையை ஐயமற நிறுவ வேண்டுமாயின் ஒரு குழுவினர்க்கு உணவளித்து மற்றொரு குழுவினர்க்கு மறுத்துப் பார்க்க வேண்டும். எந்த அறமும் அதற்கு இடந்தராது. ஆகவே ஆய்வாளர், வறுமையும் நோயும் தாமாகவே நிகழ்த்தி முடித்த கொடுமையின் விளைவைப் பின்னர்ச் சென்று அளக்கின்றனர். குழந்தை உளவியலில் முறையியலும் அறநெறியும் வெவ்வேறு இயல்கள் அல்ல என்பதற்கு இது தெளிவான சான்றாகும். அறம் விதிக்கும் தடையே முறையின் வடிவத்தைத் தீர்மானிக்கின்றது. அம்முறையின் எல்லையே முடிவின் உறுதிப்பாட்டைத் தீர்மானிக்கின்றது.

1968ஆம் ஆண்டு ஆய்வின் எல்லைகள் மூன்று. முதலாவது, பிழைத்தவர்களைப் பற்றி மட்டுமே அது பேச இயலும். அக்காலத்தில் குவாஷியோர்கர் உயிர்ப்பலி கொள்ளும் நோயாக இருந்தது. மருத்துவமனையை எட்டாதவர்களும் எட்டியும் பிழைக்காதவர்களும் கணக்கில் இல்லை. இரண்டாவது, இளையோரிடம் மிகுந்தும் மூத்தோரிடம் குறைந்தும் காணப்பட்ட வேறுபாட்டை, வயது ஏற ஏறக் குழந்தை மீள்கின்றது எனப் பொருள்கொள்ள மனம் விழையும். ஆயின் அளக்கப்பட்டவர்கள் வெவ்வேறு வயதுடைய வெவ்வேறு குழந்தைகள். ஒரே குழந்தை ஆண்டுதோறும் அளக்கப்படவில்லை. 19 பேரை வயதுவாரியாகப் பிரித்தால் ஒவ்வொரு பிரிவிலும் எஞ்சுவோர் மிகச் சிலரே. ஆகவே மீட்சி என்பது நம்பிக்கைக்கு உரிய கருதுகோளேயன்றி நிறுவப்பட்ட முடிவன்று.

மூன்றாவது எல்லையைச் சவலை என்னும் சொல் சுட்டுகின்றது. வருவாயும் கல்வியும் சாதியும் ஒத்த இரு குடும்பங்களுள் ஒன்றில் மட்டும் குழந்தை நோயுற்றது ஏன்? அக்குடும்பத்தில் குழந்தையின் இடம் வேறாக இருந்திருக்கலாம், மறுபேறு விரைந்து வந்திருக்கலாம், தாய் நோயுற்றிருக்கலாம். இவை உடலையும் பாதிக்கும்; பேச்சையும் விளையாட்டையும் பாதிக்கும். பொருளாதார நிலையை ஒப்பிடுவது எளிது. மடியை ஒப்பிடுவது எளிதன்று.

இக்குறையைக் களைய எழுந்ததே உடன்பிறப்பு ஒப்பீடு. 1971இல் பிர்ச்சு, கிராவியோட்டோ முதலியோர் மெக்சிகோவில் குவாஷியோர்கருற்று மீண்ட குழந்தைகளை அவர்தம் உடன்பிறந்தாருடனேயே ஒப்பிட்டனர். ஒரே வீடு, ஒரே பெற்றோர், ஒரே வறுமை என்பதால் ஒப்பீடு செப்பமானது எனக் கருதப்பட்டது. ஆனால் சவலை என்னும் சொல்லின் பொருளறிந்தோர் இங்கும் ஓர் ஐயத்தை எழுப்ப இயலும். ஒப்பிடப்படும் இளைய மகவு, மூத்ததை மடியிலிருந்து இறக்கிய அதே மகவாக இருக்கலாம். அவ்வாறாயின் ஒரே வீடு என்பது இருவர்க்கும் ஒரே வீடு அன்று. ஒரே குடும்பத்துக்குள் குழந்தைக்குக் குழந்தை மாறும் இடத்தைக் குடும்பக் கணக்கெடுப்புப் படிவம் காட்டாது. தாய்மொழிச் சொல் காட்டும்.

பசியை விளைவிக்க இயலாது. உணவைக் கூட்டித் தர இயலும். இவ்வுண்மையிலிருந்து இரண்டாம் தலைமுறை ஆய்வுகள் தோன்றின. குவாத்தமாலாவில் 1969 முதல் 1977 வரை நான்கு சிற்றூர்களில் நடந்த ஆய்வில் இரண்டு ஊர்களுக்குப் புரதமும் ஆற்றலும் மிகுந்த கஞ்சியும், மற்ற இரண்டிற்குப் புரதமற்ற, ஆற்றல் குறைந்த பானமும் வழங்கப்பட்டன. மருத்துவ உதவி அனைத்து ஊர்களுக்கும் அளிக்கப்பட்டது. ஜமைக்காவில் கிரந்தம் மக்கிரிகரும் உடன்பணியாளரும் வளர்ச்சி குன்றிய 129 குழந்தைகளை நான்கு குழுக்களாகப் பிரித்து ஈராண்டுகள் ஆராய்ந்தனர். ஒரு குழுவுக்கு உணவு. ஒரு குழுவுக்கு வீடு தேடிச் சென்று தாயுடன் சேர்ந்து குழந்தையை விளையாடவும் பேசவும் செய்யும் பயிற்சி. ஒரு குழுவுக்கு இரண்டும். எஞ்சிய குழுவுக்குக் கூடுதலாக எதுவுமில்லை. 1991இல் வெளிவந்த முடிவின்படி உணவும் பயிற்சியும் தனித்தனியே பயன் தந்தன. இரண்டும் சேர்ந்தபோது பயன் மிகுந்தது. அப்பயிற்சியைப் பெற்றோர் வளர்ந்தபின் ஈட்டிய வருவாய் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு கூடுதலாக இருந்தமையை 2014இல் வெளிவந்த தொடராய்வு காட்டிற்று. இழந்தது பால் மட்டுமன்று, மடியும் பேச்சும் என்று சவலை என்னும் சொல் சொல்லாமற் சொன்னதை நிறுவுவதற்கு இத்தனை காலம் தேவைப்பட்டது.

எனினும் கூடுதலாக எதுவும் பெறாத குழுவின் நிலை உறுத்தும் வினாவாகவே நின்றது. பயன் ஐயத்துக்கு உரியதாக உள்ளவரை ஒரு குழுவினர்க்கு அதனை வழங்காதிருத்தல் நேரியது. பயன் உறுதியானபின் அதனை மறுத்தல் அநீதி. இவ்விரண்டிற்கும் இடைப்பட்ட நொடி எது என்பதை வரையறுப்பதே இத்தகைய ஆய்வுகளின் அறநெறிச் சிக்கலாகும்.

5. அளவுகோலின் மொழி

குழந்தையின் அறிவுத்திறனை அளக்கும் சோதனைகள் இந்தியாவுக்கு மொழிபெயர்ப்பின் வழியே வந்தன. இலாகூரில் சி. எச். ரைசு 1920களில் பினே சோதனையை இந்துசுதானியில் அமைத்தார். தார்வாட்டில் வி. வி. காமத் 1930களில் அதனைக் கன்னடத்திலும் மராத்தியிலும் தழுவி, இந்தியக் குழந்தைகளின் அறிவுத்திறனை அளப்பது பற்றிய நூலை 1940இல் வெளியிட்டார். நாகபுரியில் ஏ. ஜே. மாலின் 1960களில் வெக்சுலர் சோதனையை இந்தியக் குழந்தைகளுக்கு ஏற்ப மாற்றினார். வைன்லாந்து சமூக முதிர்ச்சி அளவையையும் தழுவி அமைத்தார்.

இத்தழுவல்கள் அனைத்திலும் ஒரு பொதுச்சிக்கல் உண்டு. நூலை மொழிபெயர்ப்போர் பொருள் மாறாமையைக் காத்தால் போதும். சோதனையை மொழிபெயர்ப்போர் பொருளோடு கடினத்தின் அளவையும் காத்தல் வேண்டும். எட்டு வயதுக் குழந்தைக்கு உரிய வினா மொழிபெயர்ப்பில் பத்து வயதினர்க்கு உரியதாக மாறிவிட்டால், நலமான எட்டு வயதுக் குழந்தை பின்தங்கியதாகக் கணக்கிடப்படும். மொழிபெயர்ப்பின் குறை குழந்தையின் குறையாகப் பதிவாகும்.

‘இவ்விரு பொருள்களுக்கும் உள்ள ஒற்றுமை என்ன?’ என்னும் வினாவை எண்ணிப் பார்க்கலாம். எழுத்துத்தமிழில் ‘ஒற்றுமை’ ஒப்புமையையும் குறிக்கும். ஒன்றுபட்டு வாழ்தலையும் குறிக்கும். பள்ளி செல்லாத, அல்லது தெலுங்கு வழியில் பயிலும் இரயில்வே குடியிருப்புத் தமிழ்க் குழந்தை இரண்டாம் பொருளையே அறிந்திருக்கக்கூடும். ‘ரெண்டும் எதுல ஒண்ணுபோல இருக்கு?’ எனக் கேட்டால் விடை கூறும் அக்குழந்தை, நூல்நடையில் கேட்டால் வாய் திறவாது. தமிழ் போன்ற இரட்டை வழக்கு மொழியில், சோதனையை எவ்வழக்கில் பெயர்ப்பது என்பது நடை பற்றிய விருப்பத் தேர்வன்று. அளவையின் செம்மையைத் தீர்மானிக்கும் கூறு. ஐதராபாத்தில் இச்சிக்கல் இரட்டிக்கின்றது. பாடநூல் தெலுங்குக்கும் தெலங்காணாப் பேச்சுக்கும் உள்ள இடைவெளியும், ஏட்டு உருதுக்கும் தக்கணிக்கும் உள்ள இடைவெளியும் தமிழின் இடைவெளிக்குக் குறைந்தவை அல்ல.

1968ஆம் ஆண்டு ஆய்வாளர்கள் பயன்படுத்திய புலன் ஒருங்கிணைப்புச் சோதனை வகை இச்சிக்கலை ஓரளவு தவிர்க்கின்றது. கண்ணால் காணும் வடிவமும், மறைவில் கையால் தொட்டறியும் வடிவமும் ஒன்றா வேறா எனக் கேட்பது அவ்வகை. சொல்வளம் இங்குக் குறைவாகவே தேவைப்படும். எனினும் ‘ஒன்று’, ‘வேறு’ என்னும் சொற்களைக் குழந்தை எவ்வாறு விளங்கிக்கொண்டது என்பதைச் சோதனைக்கு முன்னரே உறுதிசெய்தல் வேண்டும். சொல்லே இல்லாத சோதனை என ஒன்று இல்லை. சொல் குறைந்த சோதனையே உண்டு.

பிற்காலத்தில் முறை மாறியது. குழந்தை எத்தனை மதிப்பெண் பெற்றது என்பதைவிட, அன்றாட வாழ்வில் எதனைச் செய்கின்றது, எதனை அடுத்துக் கற்பிக்கலாம் என அறியும் அளவைகள் தோன்றின. சென்னையில் பி. ஜெயச்சந்திரனும் வி. விமலாவும் உருவாக்கிய சென்னை வளர்ச்சித் திட்ட அளவை 18 பிரிவுகளில் 360 கூறுகளைக் கொண்டது. செகந்தராபாத் நிறுவனத்தில் ரீட்டா பெசாவரியாவும் எசு. வெங்கடேசனும் 1992இல் வெளியிட்ட நடத்தை மதிப்பீட்டு அளவையின் முதற்பகுதி ஏழு பிரிவுகளில் 280 திறன்களையும், இரண்டாம் பகுதி பத்துப் பிரிவுகளில் 75 சிக்கல் நடத்தைகளையும் பட்டியலிடுகின்றது. இந்திய வீட்டில் வளரும் குழந்தையை மனத்திற்கொண்டு தொடக்கத்திலிருந்தே எழுதப்பட்டவை ஆகலின், தழுவலினும் ஆக்கமே தக்கது என்பதற்கு இவை எடுத்துக்காட்டுகளாகும்.

6. இசைவின் மொழி

1947ஆம் ஆண்டு நூரெம்பர்க் நெறிமுறையின் முதற்கூறு, ஆய்வுக்கு உட்படுவோர் இசைவளிக்கும் சட்டத் தகுதி பெற்றிருக்க வேண்டும் என்றது. சொல்லுக்குச் சொல் பொருள்கொண்டால் குழந்தைகளை ஆராயவே இயலாது. 1964ஆம் ஆண்டு எல்சிங்கிப் பிரகடனம் பாதுகாவலரின் இசைவை ஏற்றது. ஆயின் பாதுகாவலரின் இசைவு எப்போதும் காப்பாகாது என்பதை நியூயார்க்கின் வில்லோபுரூக் பள்ளி காட்டியது. அங்கு 1956 முதல் அறிவுசார் குறைபாடுடைய குழந்தைகளுக்கு வேண்டுமென்றே கல்லீரல் அழற்சி நோய் தொற்றச் செய்யப்பட்டது. பெற்றோரின் கையொப்பம் இருந்தது. ஆனால் குழந்தைக்குப் பள்ளியில் இடம் கிடைக்க வேறு வழியில்லாத பெற்றோரின் கையொப்பம் அது.

1968இல் இந்தியாவில் மனிதரைக் கொண்டு செய்யும் ஆய்வுக்கு நாடு தழுவிய நெறிமுறை இல்லை. நீதிபதி எச். ஆர். கன்னா தலைமையிலான குழு வகுத்த கொள்கை அறிக்கையை இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 1980இல் வெளியிட்டது. நீதிபதி எம். என். வெங்கடாசலையா தலைமையில் விரிவான நெறிமுறைகள் 2000இல் வந்தன. 2006இலும் 2017இலும் அவை திருத்தப்பட்டன. குழந்தைகளுக்கெனத் தனி நெறிமுறையும் 2017இல் வெளியாயிற்று. அதன்படி பெற்றோர் இசைவுடன், 7 முதல் 12 வயதினரிடம் வாய்மொழி இசைவும், 12 முதல் 18 வயதினரிடம் எழுத்து இசைவும் பெறுதல் வேண்டும்.

இந்நெறிமுறைகளின் தலைப்பே மொழி வரலாற்றுக்கு ஆவணமாக உள்ளது. 1980இலும் 2000இலும் ஆய்வுக்கு ‘உட்படுத்தப்படுவோர்’ எனப் பொருள்படும் சொல் ஆளப்பட்டது. 2006 முதல் ‘பங்கேற்போர்’ எனப் பொருள்படும் சொல் ஆளப்படுகின்றது. இம்மாற்றம் இந்திய மொழிகளில் உரிய சொற்களாக ஊன்றாத வரை ஆங்கிலத் தலைப்போடு நின்றுவிடும்.

தமிழில் நிலவும் இடர்ப்பாடுகளுள் தலையாயது ‘பரிசோதனை’ என்னும் சொல்லாகும். மருத்துவர் நோயாளியை ஆராய்ந்து பார்ப்பதும் பரிசோதனை. அறிவியலார் ஒன்றைச் செய்து பார்ப்பதும் பரிசோதனை. ‘சோதனை’ என்றாலோ தேர்வும் துன்பமும் உடன் தொனிக்கும். ‘உங்கள் குழந்தைக்குப் பரிசோதனை செய்யப்போகிறோம்’ எனக் கேட்கும் தாய், தன் குழந்தையின் நலத்துக்காகவே அது செய்யப்படுகின்றது என நம்பி இசைவாள். ஆய்வைச் சிகிச்சையாகக் கருதும் இம்மயக்கத்தை மேலைநாட்டு அறநெறியாளர் 1980களில் சுட்டிக்காட்டினர். அம்மயக்கம் அங்கு உள்ளத்தில் தோன்றுவது. இங்குச் சொல்லிலேயே உறைகின்றது. இசைவுப் படிவத்தை மொழிபெயர்ப்போர் ‘ஆய்வு’ என்னும் சொல்லை ஆண்டு, ‘இதனால் உங்கள் குழந்தைக்கு நேரடிப் பயன் இல்லாமலும் போகலாம்’ எனத் தெளிவாக விரித்தெழுதுதல் கடமையாகும். அவ்வாறே ‘கட்டுப்பாட்டுக் குழு’ என்னும் பெயர்ப்பு, கட்டுப்படுத்தி வைக்கப்பட்ட குழந்தைகள் என்னும் பொருளைத் தரக்கூடும். ‘ஒப்பீட்டுக் குழு’ என்பதே தெளிவானது.

இச்செய்திகள் ஏட்டளவில் நிற்பவை அல்ல. 2009இல் அன்றைய ஆந்திரப் பிரதேசத்தின் கம்மம் மாவட்டத்தில் சிறுமியர்க்குக் கருப்பைவாய்ப் புற்றுநோய்த் தடுப்பூசி வழங்கும் செயல்விளக்கத் திட்டம் நடந்தது. விடுதிகளில் தங்கிப் பயின்ற பலர்க்குப் பெற்றோரின் இசைவுக்கு மாறாக விடுதிக் காப்பாளரின் கையொப்பமே பெறப்பட்டமை பின்னர் வெளிப்பட்டது. 2010இல் திட்டம் நிறுத்தப்பட்டது. 2013இல் நாடாளுமன்ற நிலைக்குழு கடுமையாகக் கண்டித்தது. உளவியல் ஆய்வன்று எனினும், தொலைவில் வாழும் ஏழைப் பெற்றோரின் இசைவை எளிதில் கடந்துவிடலாம் என்னும் மனப்பாங்கை இந்நிகழ்ச்சி காட்டுகின்றது. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016, அவர்களைக் கொண்டு செய்யும் ஆய்வுக்குரிய இசைவை அவர்களுக்கு எட்டும் தொடர்புமுறைகளாலும் வடிவங்களாலும் பெற வேண்டும் எனத் தன் ஆறாம் பிரிவில் விதிக்கின்றது. விளங்கும் மொழி என்பது இதனால் சட்டக் கடமையாயிற்று.

7. பெயரிடுதலின் பொறுப்பு

பெயரே காயமாகும் என்பதற்கு மொழியியலார் மறக்கவொண்ணாத சான்று, அயோவாவில் 1939இல் நடந்த திக்குவாய் ஆய்வாகும். வெண்டல் ஜான்சன் வகுத்த திட்டப்படி அனாதை இல்லக் குழந்தைகள் 22 பேர் தெரிந்தெடுக்கப்பட்டனர். அவர்களுள் இயல்பாகப் பேசிய அறுவரிடம், அவர்கள் திக்கிப் பேசுவதாகத் திரும்பத் திரும்பச் சொல்லப்பட்டது. அக்குழந்தைகள் பேசவே தயங்கலாயினர். 2001இல் செய்தித்தாள் வாயிலாக இச்செய்தி பரவியபின் அப்பல்கலைக்கழகம் வருத்தம் தெரிவித்தது. 2007இல் அயோவா மாநிலம் இழப்பீடு வழங்கியது. ஜான்சன் சொற்பொருள் ஆய்வாளரும் ஆவார். அமெரிக்கப் பழங்குடியினர் மொழிகள் சிலவற்றில் திக்குவாயைக் குறிக்கும் சொல் இல்லை, ஆதலின் அம்மக்களிடம் அக்குறையும் இல்லை என அவர் வாதிட்டார். அச்சொற்கள் அம்மொழிகளில் உள்ளன எனப் பின்வந்த ஆய்வாளர் காட்டினர். சொல்லைத் தேடாமல் சொல் இல்லை என்று முடிவுசெய்வதன் விளைவு இது.

தமிழில் இத்துறைக்கு வழங்கும் ‘பிறழ்நிலை உளவியல்’ என்னும் பெயரும் எண்ணத்தக்கது. நெறி பிறழ்தல், சொல் பிறழ்தல் என்னும் வழக்குகளில் ‘பிறழ்’ என்னும் வேர் ஒழுக்கக் குறையை உணர்த்தி வந்துள்ளது. உணவின்றி மெலிந்த குழந்தையின் நிலையை இச்சொல்லால் குறிப்பது, குடும்பமும் சமுதாயமும் இழைத்த பிழையைக் குழந்தையின் மேல் ஏற்றுவதாகும். ‘மனவளர்ச்சி குன்றியோர்’ என்னும் வழக்கு ‘அறிவுசார் குறைபாடுடையோர்’ என மாறியுள்ளது. போயன்பள்ளி நிறுவனமும் தன் பெயரை அதற்கேற்ப மாற்றிக்கொண்டுள்ளது. பெயர் மாற்றம் மட்டும் மதிப்பைத் தந்துவிடாது. ஆயின் பழம்பெயர் வசையாக மாறிவிட்டபின் அதனைத் தொடர்வது ஆய்வாளர்க்குத் தகாது.

எதிர்த்திசையிலும் பிழை நேரலாம். 1980களின் தொடக்கத்தில் பொருளியல் அறிஞர் டேவிட் செக்லர், சிற்றுடல் கொண்ட ஏழைக் குழந்தைகளுள் பெரும்பாலோர் நலமானவர்களே என வாதிட்டார். ஏழைகளுக்கு மட்டும் ஒரு தாழ்ந்த அளவுகோலை வகுப்பது இது எனக் கோபாலன் கடுமையாக மறுத்தார். குறையற்றவரைக் குறையுடையவர் என்பது ஒரு தீங்கு. குறை நேர்ந்திருக்க நலமே என்பது மற்றொரு தீங்கு. இரண்டும் பெயரிடுதலால் நிகழ்பவை.

8. முடிவுரை

மேற்கூறியவற்றால் பின்வரும் முடிவுகள் பெறப்படுகின்றன.

முதலாவது, 1968ஆம் ஆண்டு ஐதராபாத் ஆய்வு, சமூக நிலையை நுணுக்கமாக ஒப்பிட்டதன் வாயிலாக, இளமைப் பசியின் தடம் உளத்திறனிலும் பதியும் என்பதற்கு வலுவான சான்று தந்தது. அதன் எல்லைகள் ஆய்வாளர்தம் குறைகள் அல்ல. குழந்தையைப் பசியில் ஆழ்த்திப் பார்க்கக் கூடாது என்னும் அறத்தின் விளைவுகள்.

இரண்டாவது, குவாஷியோர்கர், சவலை ஆகிய மக்கள் வழக்குகள் ஆய்வுக் கருதுகோளுக்கு ஊற்றாகத்தக்கவை. நோய், குறைபாடு, வளர்ப்பு பற்றிய வட்டாரச் சொற்களைத் தொகுத்து உளவியலார்க்கு வழங்குதல் மொழியியலார் ஆற்றத்தக்க பணியாகும்.

மூன்றாவது, சோதனைகளையும் இசைவுப் படிவங்களையும் மொழிபெயர்ப்போர் எழுத்துப் பணியாளர் அல்லர். ஆய்வின் பொறுப்பில் பங்குடையோர். பெயர்த்ததை மூலமறியா ஒருவரைக் கொண்டு மீளப் பெயர்த்து ஒப்பிடுவது இன்றியமையாதது. ஆனால் அது போதாது. ‘ஒற்றுமை’யும் ‘பரிசோதனை’யும் மீள்பெயர்ப்பில் குறையின்றித் திரும்பி வந்துவிடும், அவற்றின் மயக்கம் குழந்தையிடமும் தாயிடமும் கேட்டால்தான் வெளிப்படும். ஆகவே படிவத்தின் பொருளைத் தம் சொற்களில் திருப்பிச் சொல்லுமாறு பெற்றோரைக் கேட்பதும், வினாக்களைப் பேச்சுவழக்கில் முன்னோட்டம் பார்ப்பதும் ஒவ்வோர் ஆய்விலும் இடம்பெறுதல் வேண்டும்.

லாலாகுடாவைச் சூழ மொழி நிறுவனங்களும் குழந்தைநல நிறுவனங்களும் அருகருகே அமைந்துள்ளமை இப்பணிக்கு உகந்த வாய்ப்பாகும். தக்கணி பேசும் தாய்க்கும், தெலங்காணாத் தெலுங்கு பேசும் தாய்க்கும், இரயில்வே குடியிருப்பில் தமிழ் பேசும் தாய்க்கும் ஒரே இசைவுப் படிவம் ஒரே பொருளைத் தருமா என ஆராய்வது அதன் தொடக்கமாக அமையலாம்.